பேசி முடித்த சாளை

உண்மைக்கு விலையே கிடையாது என்று ஞானிகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் 1951-ஆம் ஆண்டிலேயே அதற்கு விலை படிந்துவிட்டது: பாதிக்குப் பாதி. இந்த மகத்தான நிர்ணயத்தைச் செய்தவர் சர்க்காரின் மீன் ஆராய்ச்சி அதிகாரி நாராயணபெருமாள்.

கோட்டாற்றில் ஜவுளி வியாபாரக் குடும்பம் அவருடையது. முதலில் சொன்ன விலையை யாராவது அப்படியே கொடுத்துவிட்டால், நோட்டு கள்ள நோட்டோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் குடும்பம். அந்த ஞானத்தின் மேல் விலங்கியல் பட்டமும் வாங்கியிருந்தார்.

திட்டம் எளிது. மூன்று வருஷம், கரையில் இறங்கும் சாளை மீனைக் கணக்கெடுக்க வேண்டும். மீன் போதிய அளவு உண்டென்றால் அந்தக் கரைக்கு ஐஸ் கிடங்கு. இல்லையென்றால் கிடங்கு வேறு கரைக்கு. மீன் விற்கும் செசிலி இதற்காக மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்திருந்தாள். வெயில் ஏறினால் சாளைக்கு வயிறு உடைந்துவிடும். அப்புறம் வியாபாரிகள் வைத்ததுதான் விலை.

முதல் நாள் மீனவர் ததேயுஸின் வள்ளம் கரையேறியது. நாராயணபெருமாள் நோட்டோடு போனார்.

"என்னவே ததேயுஸ், எத்தனை கூடை?"

ததேயுஸ் சுற்றிலும் பார்த்தார். வியாபாரிகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மீன் நிறைய என்று கேட்டால் ஏலம் படுத்துவிடும்.

"என்னத்த சொல்ல சாரே... பத்து தேறும்."

வள்ளம் பாரத்தில் விளிம்புவரை தாழ்ந்துதான் வந்திருந்தது. நாராயணபெருமாள் சிரித்தார். "நாப்பதுன்னு எழுதுகேன்."

"மாதாவே! எனக்க பிள்ளையளுக்க மேல சத்தியமா பத்துதான்."

"முப்பது."

"பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு வாலு கிடையாது."

"ஒமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இருபது!"

"சாரு சொன்னா சரி."

கூடையோடு காத்திருந்த செசிலி கேட்டாள்: "நின்னு எண்ணிப் பாத்தா என்ன சாரே?"

"எண்ணுகது கூலிக்காரன் வேலையாக்கும். இது ஆராய்ச்சி."

இப்படி இரு தரப்பும் மனமொத்துப் பெற்றெடுத்த எண்ணை அவர் வளர்த்த பொறுப்பைச் சொல்லி மாளாது. பேரத்தில் அடிபட்ட எண்களை ரப்பரால் சுத்தமாக அழித்தார். பின்னால் வருகிறவர்கள் குழம்பக் கூடாதே! எந்த வள்ளம், யார் சொன்னது, எப்படிக் கண்டது போன்ற 'அற்ப விவரங்கள்' சர்க்கார் காகிதத்தைத் தின்னும் என்று விட்டுவிட்டார். மிஞ்சியதற்கு மூன்று பிரதி எடுத்தார். ஒன்று தொலைந்தால் இன்னொன்று உதவும் என்று மூன்றையும் ஒரே இரும்புப் பெட்டியில் வைத்து, பாச்சை உருண்டை போட்டு, இரட்டைப் பூட்டுப் பூட்டினார். 'பாதுகாப்பு' என்றால் அது பாதுகாப்பு.

மூன்றாம் வருஷக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது: சாளை போதவில்லை, ஐஸ் கிடங்கு வேறு கரைக்கு உத்தேசிக்கப்படுகிறது, ஆட்சேபம் இருந்தால் மூலக் குறிப்புகளுடன் விளக்கவும்.

சேதி கேட்டு ததேயுஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சாரே, மோசம் போயாச்சு! அன்னைக்கு நான் சொன்னது கொறச்சலாக்கும். நாளொண்ணுக்கு நூறு கூடை உண்டும்!"

"நூறா? பின்ன கடல்ல தண்ணிக்கு இடம் எங்கவே இருக்கு?"

"தொண்ணூறு."

"நாப்பது."

"ஐஸ் கிடங்கு சாரே! எம்பது!"

"அறுபது. பேசாம போவும்."

மூன்று வருஷத்துக் கடல் கால் மணி நேரத்தில் திருந்திவிட்டது.

விசாரிக்க வந்த மேலதிகாரி ஞானதாசன் கத்தரிக்காய்க்குக்கூடக் கேட்ட விலை கொடுக்கிற அப்பாவி. பழைய கணக்கை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதில் இருபது, அதில் அறுபது. கரையில் எழுதின மூலக் குறிப்பு எங்கே?"

"அழிச்சிட்டேன் சார். பத்திரமா இருக்கட்டுமேன்னு."

"அப்படியானால் எதுதான் உண்மை?"

நாராயணபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"சார் ஒரு எண் சொல்லுங்க. கட்டுபடியாகுமான்னு பாப்போம்."

ஐஸ் கிடங்கு வடக்கே வேறொரு கரைக்குப் போயிற்று. காகிதத்தில் ஒரு பூச்சி அரிப்புகூட இல்லாததை மெச்சி நாராயணபெருமாளுக்கு நற்சான்று வந்தது. அது வந்த அன்று, வெயில் சாயும் நேரத்தில், செசிலி கூடையைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் இறக்கினாள். அறை முழுக்க வீச்சம்.

"சாரே, இது நாறிப்போச்சுன்னு நான் சொல்லுகேன். நல்ல மீனுன்னு நீங்க சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுல பேசி, பாதிய நல்ல மீனாக்கித் தாங்க. வித்துட்டுப் போறேன்."

நாராயணபெருமாள் வீச்சம் படாமல் நற்சான்றை எடுத்து, இரும்புப் பெட்டியில் வைத்து, இரட்டைப் பூட்டுப் பூட்டினார்.

ஆகவே ஆராய்ச்சிக் கணக்கு இவ்வாறு முடிந்தது. வரவு: நற்சான்று ஒன்று. பற்று: ஐஸ் கிடங்கு ஒன்று. நிலுவை: எண்ணாமல் விட்ட மீன், முழுவதும்.