நாற்பத்திரண்டு டிகிரியில் என் நெருப்பு

பேரன்புக்குரிய தெல்மிரா அக்காவுக்கு, துபாயிலிருந்து தம்பி எவரிஸ்தோ வணங்கி எழுதுவது. இங்கு நான், என் மனைவி நேலிதா, என் பொறுப்பிலுள்ள பதினான்கு போலோ குதிரைகள் எல்லோரும் நலம். அங்கு உங்கள் நலமும், அத்தானுடைய மூட்டுவலியின் போக்கும் அறிய ஆவல்.

அக்கா, உங்கள் தம்பி ஜெயித்துவிட்டான். மே இருபத்தைந்து, நம் தேசத் திருநாள். பூங்காவில் அறுபது அர்ஜென்டினாக்காரர்கள் கூடினோம். பதினோரு வருஷமாக வெங்காயம் நறுக்கியவனுக்கு இந்தத் தடவைதான் இறைச்சி சுடும் நெருப்புப் பொறுப்பு! ஒருத்தன் நெருப்பை இன்னொருத்தன் தொடக்கூடாது, இறைச்சி நன்றாக வந்தால் கடைசியில் எல்லோரும் கைதட்டவேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் வெங்காயம்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா? விறகு கூடாது, கரிதான் என்றான் காவலாளி. போகட்டும் என்று மாட்டு விலாவை எலும்புப் பக்கம் கீழே வைத்து மெல்ல வாட்ட ஆரம்பித்தால், அந்த உருகுவேக்காரன் வில்மர், குதிரை லாடம் அடிக்கிறவன், பக்கத்தில் வந்து நிற்கிறான்.

"அண்ணே, வெயில் நாப்பத்திரண்டு. கொஞ்சம் நிழல்ல உக்காருங்க, நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கறியா? கரியத் தொட்டே, கை இருக்காது! உங்க ஊர்ல போய்ப் பாத்துக்கோ!"

விட்டேனா பார் என்று மூன்று மணிநேரம் நின்றேன் அக்கா. அப்புறம் என்ன ஆச்சோ, கண் இருட்டிக்கொண்டு வந்தது. முழித்தால் மரத்தடியில் கிடக்கிறேன், தலையில் ஐஸ் பை, நேலிதா அழுகிறாள். அந்த நேரம் பார்த்து, "சுட்டவருக்கு ஒரு கைதட்டல்!" என்று குரல். அறுபது பேரும் தட்டுகிறார்கள்! தள்ளாடி எழுந்து நான்கு பக்கமும் கும்பிட்டேன். அழுதுவிட்டேன் அக்கா. அப்பா இருந்து பார்த்திருக்கவேண்டும். இதைத் தெரு முழுக்கச் சொல்லுங்கள், அந்த உருகுவேக்காரன் வாயைப் பிளந்து நின்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். கன்னி மரியாள் உங்களைக் காக்கட்டும்.

தங்கள் தம்பி,
எவரிஸ்தோ

பி.கு.: கடிதத்தை நேலிதா படித்துவிட்டாள். "ஏங்க, ஒன்றரை மணிநேரம் மயங்கிக் கிடந்தீங்களே, இறைச்சி தானா வெந்துச்சா? வில்மர்தான் சுட்டான். கைதட்டினது அவனுக்கு. நீங்க எந்திரிச்சுக் கும்பிட்டதும் அவனே உங்க பக்கம் திரும்பி மொதல்ல தட்டினான். அப்புறம்தான் எல்லாரும் உங்களுக்குத் தட்டினாங்க" என்கிறாள். அடுத்த வருஷ நெருப்புக்கு அவன் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். தெருவில் யாராவது கேட்டால், வில்மரும் நம் ஊர்ப் பையன்தான் என்று சொல்லிவிடுங்கள்.