மூன்றாவது தொட்டித் தண்ணீர்

பக்கத்து வீட்டு வெள்ளை வாத்து ஊதா நிறத்தில் வீடு திரும்பிய அன்றுதான் நூலகர் தம் வாழ்க்கையின் மிகப் பெரிய தீர்மானத்தை எடுத்தார்.

"இனிமே இந்த வீட்டுல இருந்து ஒரு சொட்டு அழுக்குத் தண்ணி வெளியே போகாது!"

சமையலறை வாசலில் நின்று, கையை உயர்த்தி, மேடையில் பேசுவது போல் முழங்கினார். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே கேட்டாள்:

"ஏங்க, குளிக்கிறதை நிறுத்தப் போறீங்களா?"

"நான் சொல்றது உன் சாயத் தண்ணிய!"

"ஓ. குளியல் தொடரும்னா சரி."

நூலகரின் மனைவி துணிக்குச் சாயம் போடுகிறவள். பின்கட்டுக் கொட்டகையில் நாலு அண்டா, ரெண்டு அடுப்பு. ஊரில் உள்ள தையல்காரர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். ஒரு பொத்தானைக் கையில் கொடுத்து, "இதே நிறத்துல பத்து மீட்டர்" என்றால் போதும். சாயங்காலம் பொத்தானையும் துணியையும் பக்கத்தில் வைத்தால் எது எதிலிருந்து பிறந்தது என்று சொல்ல முடியாது. அண்டாவில் மிஞ்சிய தண்ணீர் பின்சுவர் ஓட்டை வழியாக இறங்கி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுக் குட்டையில் போய் விழும். இத்தனை வருஷம் அவர் எதுவும் சொன்னதில்லை. இப்போதுதான் வாத்து வளர்க்க ஆரம்பித்திருந்தார்.

அன்று காலை வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"சார், இது என்ன நிறம்?"

"ஊதா" என்றார் நூலகர்.

"நேத்து என்ன நிறம்?"

"வெள்ளை."

"இடையில் நடந்தது என்ன? நாலு வரிக்கு மிகாமல் விடை சொல்லுங்க."

நூலகர் வாத்தின் முதுகைத் துண்டால் தேய்த்துப் பார்த்தார்; நிறம் போகவில்லை. தலைமையாசிரியர் புகார் எழுதினார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத புகார். அடுத்த வாரமே சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். நடுத்தர வயதுப் பெண், தோளில் பெரிய பை, முகத்தில் சிரிப்பே கிடையாது. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், குட்டையை எட்டிப் பார்த்தார், ஒரு தாளை நீட்டினார். ரெண்டு மாதம் தவணை. அதற்குள் தண்ணீரைச் சுத்தப்படுத்த ஏற்பாடு செய்யாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு.

அன்று சாயங்காலம் மனைவி அடுப்பை மூட்டவில்லை. ஏற்கெனவே கழுவி வைத்திருந்த அண்டாவை மறுபடி துடைத்தாள். அதைக் கவிழ்த்துவிட்டு இன்னொன்றைத் துடைத்தாள். பதினாறு வருஷத்தில் அவள் இப்படி வேலையில்லாமல் நின்று நூலகர் பார்த்ததில்லை. அவருக்குப் பாவமாக இருந்தது.

கூடவே ஓர் ஆசையும் வந்தது. அந்தப் பதினாறு வருஷத்தில் அவர் மாட்டிய பல்பால் வீடு முழுக்க இருட்டாகியிருக்கிறது. அவர் இறுக்கிய குழாய் ரெண்டு நாள் நிற்காமல் கொட்டியிருக்கிறது. ஒரே ஒரு தடவை, இந்த ஒரு விஷயத்தையாவது தாமே முடித்து, "என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்" என்று அவள் வாயால் கேட்டுவிட வேண்டும்!

மறுநாள் நூலகத்திலிருந்து கனமான புத்தகம் ஒன்றோடு வந்தார்.

"செடிம்மா, செடி! சில செடிகளை அழுக்குத் தண்ணியில வெச்சா போதும். வேர் எல்லாத்தையும் உறிஞ்சிடும்."

"எதை உறிஞ்சுதோ இல்லையோ, நீங்க என் உயிரை உறிஞ்சாம இருந்தா சரி. முச்சந்தி நர்சரிக்கார அக்காவை ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிக்கலாமே?"

"ரோஜாப் பதியன் விக்கிறவங்ககிட்ட விஞ்ஞானம் கேக்கறதா? புத்தகத்துல படமே போட்டிருக்கான்!"

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய், ஸ்கூட்டரின் முன்னாலும் பின்னாலும் சாக்குச் சாக்காக ஆகாயத்தாமரையை ஏற்றிக்கொண்டு வந்தார். வழி நெடுகத் தண்ணீர் சொட்டியது. ஒரு பெரிய தொட்டியில் அதைக் கொட்டி, அண்டாவில் இருந்த சிவப்புச் சாயத்தை ஆறக்கூட விடாமல் அப்படியே ஊற்றினார்.

மூன்றாம் நாள் தொட்டி முழுக்க வேகவைத்த கீரை மாதிரி ஆகிவிட்டது. நாற்றம் தெருமுனை வரை போனது.

"ஆகாயத்தாமரை எங்கேங்க?" என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

நூலகர் ஒரு குச்சியால் தொட்டியைக் கிளறினார்.

"பேருக்கேத்த மாதிரி ஆகாயத்துக்கே போயிடுச்சு போல."

நூலகர் தளரவில்லை. அடுத்த முயற்சி இன்னும் பெரிது. மூன்று கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கி, படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைத்தார். முதல் தொட்டியில் கூழாங்கல், ரெண்டாவதில் மணல். ரெண்டிலும் கல்வாழை, நாணல், வெட்டிவேர் என்று கிடைத்ததையெல்லாம் நட்டார். மூன்றாவது வெறும் தொட்டி. சுத்தமான தண்ணீர் வந்து சேர வேண்டிய இடம்.

"கல்வாழையா? எப்பங்க குலை தள்ளும்?" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்ணாதே! கடைசித் தொட்டியில வர்ற தண்ணி குடிக்கிற தண்ணி மாதிரி இருக்கும். நீ நம்பமாட்டே. நம்பாததுதான் உன் குறை!"

யோசனையில் தப்பில்லை. அவருடைய பொறுமையில்தான் கோளாறு. காலையில் நூலகத்துக்குக் கிளம்பும்போது ஒரு கல்வாழையைப் பிடுங்கி, வேர் சாயத்தை உறிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பார். திரும்ப நடுவார். மத்தியானம் சாப்பிட வந்தால் இன்னொன்றைப் பிடுங்குவார். சாயங்காலம் எல்லாவற்றையும் பிடுங்குவார். செடிகள் நட்டுக்குத்தலாய் நிற்பதற்கே பயந்தன. மூன்றாவது தொட்டியில் டிகாஷன் மாதிரித் தண்ணீர் நின்றது.

தவணை முடிய ரெண்டே வாரம் இருக்கும்போது மனைவி மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"என்னங்க, எங்க அண்ணன் போன் பண்ணினார். வீடு மாறியிருக்காராம். ஐந்நூறு புத்தகமும் மூட்டையா கிடக்குதாம். எந்தப் புத்தகம் எங்கே வெக்கணும்னு உங்களை விட்டா யாருக்குத் தெரியும்னு கேக்கறார்."

"அப்படியா சொன்னார் மச்சான்?"

"அப்படியேதான் சொன்னார்."

நூலகர் அன்றே பெட்டி கட்டினார். மச்சான் வீட்டில் பதிமூன்று நாள் தங்கி, ஐந்நூறு புத்தகங்களையும் முதலில் அகரவரிசையிலும், பிறகு பொருள்வரிசையிலும், திருப்தி வராமல் மறுபடி அகரவரிசையிலும் அடுக்கினார்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மறுநாள் காலை ஆய்வு. பையைக்கூட இறக்கி வைக்காமல் பின்கட்டுக்கு ஓடி மூன்றாவது தொட்டியை எட்டிப் பார்த்தார். கன்னங்கரேலென்று இருந்தது. தொட்டியே கறுப்பு என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை.

விடியும் முன்பே, இருட்டோடு இருட்டாக, மனைவி காப்பி போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கொட்டகை மூலையில் கிடந்த டிரம்மில் ஒளித்தார். வெளியே ஊற்றினால் வாத்து மறுபடி நிறம் மாறிவிடுமே என்ற கவலை. பிறகு குழாயடியிலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார். கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல் சவரம் செய்யப் போனார். உள்ளே பாட்டு வேறு!

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். கூடவே புகார்தாரர் என்ற முறையில் தலைமையாசிரியரும், சாட்சி என்ற முறையில் வாத்தும் வந்தார்கள்.

நூலகர் கால் மணி நேரம் பேசினார். வேர், இலை, கூழாங்கல், மணல் என்று ஒன்று விடாமல் விளக்கினார். ஆய்வாளர் கொட்டாவியை அடக்கியபோது மனைவி குறுக்கே வந்தாள்.

"மேடம், இவர் சொல்லக் கூச்சப்படறார். இந்தத் தண்ணி குடிக்கிற தண்ணிக்குச் சமம்னு ரெண்டு மாசமா என்கிட்ட அடிச்சுச் சொல்றார்."

"நிஜமாவா சார்?"

நூலகருக்கு உற்சாகம் தலைக்கேறியது. குழாய்த் தண்ணீர்தானே!

"சொல்றது என்ன மேடம், செஞ்சே காட்டறேன்!"

டம்ளரை எடுத்தார். தொட்டியில் முக்கினார். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். லேசாக மண் வாசம் அடித்தது. புதுத் தொட்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"ஐயோ சார்!" என்று பதறினார் ஆய்வாளர். "இது தோட்டத்துக்குப் பாய்ச்சற தண்ணி. யார் குடிக்கச் சொன்னது?"

பையைத் திறந்து வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் தண்ணீரை எடுத்தார். பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு காகிதத் துண்டை நனைத்துப் பார்த்தார். இன்னொன்றை நனைத்தார். தலையை ஆட்டினார்.

"சாயம் இல்லை. அதைவிட முக்கியம், குளோரினும் இல்லை."

"குளோரின் எதுக்கு மேடம்?" என்றார் நூலகர்.

"குழாய்த் தண்ணியில அது இருக்கும் சார். சில பேர் நாங்க வர்ற அன்னிக்குக் குழாய்த் தண்ணியை நிரப்பி வெச்சு ஏமாத்தறாங்க. போன வாரம்கூட ஒருத்தர் மாட்டினார். அங்கேயே பூட்டிட்டேன்."

நூலகர் தொட்டியை எட்டிப் பார்த்தார். தம் கையால் ஊற்றிய குழாய்த் தண்ணீர். குளோரின் எங்கே போயிற்று? மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மிகுந்த அக்கறையோடு வாத்தின் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இனி மாதம் ஒரு முறை வந்து பார்ப்பதாகவும் சொன்னார். தலைமையாசிரியர், "தேர்ச்சி" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு வாத்தோடு நடையைக் கட்டினார்.

கதவைச் சாத்தியதும் நூலகர் குரல் இறங்கிப்போனது.

"ஏம்மா... நான் குடிச்சது என்ன தண்ணி?"

"திங்கக்கிழமை ஊத்தின ஊதா. குழாய்த் தண்ணியைக் கொட்டிட்டு, நீங்க டிரம்முல ஒளிச்சு வெச்சதைத் திரும்ப மொண்டு ஊத்தினேன். நீங்க ரெண்டாவது கன்னம் வழிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

நூலகர் கண்ணாடிக்கு ஓடி நாக்கை நீட்டிப் பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது. அது நாக்கின் சொந்த நிறம்தானா என்று சரியாக நினைவு வரவில்லை.

"அப்ப தண்ணி நிஜமாவே சுத்தமாயிடுச்சா? எப்படி?"

"நர்சரிக்கார அக்கா வந்து பாத்தாங்க. சாயத்தைப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து ஊத்துன்னாங்க. ஊத்திட்டு நாலு நாள் நிக்கவிடுன்னாங்க. மணலுக்கு அடியில அடுப்புக்கரி போடச் சொன்னாங்க. எல்லாத்தையும் விட முக்கியமா, பதிமூணு நாள் யாரும் செடியைப் பிடுங்கிப் பாக்கலை."

"அப்ப மச்சான் வீட்டுப் புத்தகம்?"

"அண்ணிதான் பாவம். ஏற்கெனவே அடுக்கி வெச்சிருந்ததை, உங்களுக்காகக் கலைச்சு மூட்டை கட்டினாங்க."

நூலகர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கொட்டகையில் அடுப்பு மறுபடி எரிய ஆரம்பித்திருந்தது. அண்டாவில் தண்ணீர் காயும் சத்தம் கேட்டது. பதிமூன்று நாளாக அவர் கேட்காத சத்தம். கோபப்படலாம் என்றால் அதுவும் வரவில்லை.

"சரி, தொழில் பிழைச்சுது. அது போதும். ஆனா என்னைக் குடிக்க வெச்சியே, அது எதுக்கு? வெறுமனே காட்டியிருந்தாலே கையெழுத்துப் போட்டிருப்பாங்களே!"

"நீங்கதானே சொன்னீங்க, நான் நம்பாததுதான் என் குறைன்னு? அதைத் திருத்திக்கிட்டேன்." அவள் இடுப்பில் கையை ஊன்றி அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான். கல்லு வயிறு!"

கேட்க ஆசைப்பட்ட வார்த்தை வந்தேவிட்டது. நூலகர் தம்மை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசையை ஒதுக்கிக்கொண்டு, வந்த வார்த்தையை இன்னொரு தடவை வரவழைக்கலாமா என்று யோசித்தார்.

கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"என்னங்க, பச்சைச் சாயம் வியாழக்கிழமை கடைசித் தொட்டிக்கு வந்துடும். அன்னிக்குக் காலையில எதுவும் சாப்பிடாம இருங்க."