ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு வேலை

குறுக்குக் கம்பு இருபத்தேழாவது முறையாகக் கீழே விழுந்தது.

உயரம் தாண்டுதல் பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். நாளை காலை தேர்வுப் போட்டி. அவரிடம் பயிலும் மாணவி ஒன்றரை மீட்டர் தாண்டாவிட்டால் அவருக்கு வேலை கிடையாது என்று விளையாட்டு மன்றச் செயலாளர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பதில் அந்த மனிதர் கைதேர்ந்தவர்.

"இடுப்பைத் தூக்கு, இடுப்பைத் தூக்குன்னு கத்தினேன்ல?"

"தூக்கினேன் சார். அதுல தோள் மறந்துபோச்சு."

"சரி, இந்தத் தடவை தோளையும் சேர்த்துக் கத்துறேன்."

கத்தினார். இடுப்பையும் தோளையும் நினைத்துக்கொண்டு ஓடி வந்தவள் காலை மறந்தாள். கம்பை நெஞ்சால் இடித்தாள்.

உடம்பு சூடாகவில்லை என்று முடிவுகட்டி, மைதானத்தை ஆறு சுற்று ஓடவிட்டார். பிறகு முழங்காலை உயர்த்தி ஓட்டம், அப்புறம் ஒற்றைக்காலில் துள்ளல். மூச்சு வாங்கியவள் கம்புக்கு மேலே போகாமல் அடியில் புகுந்து மெத்தையில் படுத்துவிட்டாள்.

"எந்திரி! ஓட ஆரம்பிக்கிற இடமே தப்பு."

சுண்ணாம்புக் குறியைத் தன் காலடியால் அளந்து மாற்றினார். அவர் காலடியோ அவளுடையதைப்போல ஒன்றரை மடங்கு. அடுத்த ஓட்டத்தில் அவள் கம்பைத் தாங்கும் தூணையே கட்டிப்பிடித்தாள்.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, தாண்டிட்டாளா?"

"இல்ல."

"எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த மூணாவது வேலைங்க இது! அவர் முகத்துல இனி எப்படி முழிப்பேன்?"

பெட்டிக்கடை வைக்கலாமா என்று யோசித்தார். அதற்கும் மச்சானிடம்தான் போய் நிற்க வேண்டும். சாமான் அறைக்குப் பின்னால் போய், குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் அழுதார். பதினெட்டு வருடம் தொண்டை வற்றக் கத்தியும் ஒரு பிள்ளையைக்கூட மேலே ஏற்ற முடியவில்லையே என்று நொந்துபோனார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மாணவியைக் காணோம். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மட்டும் மெத்தைக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார்.

"ஓடிட்டாளா அண்ணே? போச்சு, என் பொழப்பு போச்சு!"

"ஒன்றரை மீட்டரை மூணு தடவை தாண்டிட்டுத்தான் சார் போனா, நீங்க அந்தப் பக்கம் போனா எப்பவும் தாண்டுவா, நாளைக்கு நீங்க மட்டும் வராம இருந்துட்டீங்கன்னா உங்க வேலை தப்பிச்சிடும்."