வெள்ளியங்கிரியின் பதினேழு ரயில்கள்

ரயிலின் கதவு மூடிக்கொண்டபோது மரகதம் உள்ளே இருந்தாள். வெள்ளியங்கிரி பிளாட்பாரத்தில் இருந்தார்.

"எறங்கு மரகதம்! எறங்கு!" என்று கண்ணாடியைத் தட்டினார். நகரத் தொடங்கிவிட்ட ரயிலிலிருந்து எப்படி இறங்குவது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மரகதமோ, கல்யாண வீட்டிலிருந்து கிளம்பும் சொந்தக்காரி மாதிரி நிதானமாகக் கையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கலிஃபோர்னியாவின் டப்ளின் ஸ்டேஷனில் சனிக்கிழமை காலை பத்து மணி. இத்தாலிப் பயணத்துக்கான முதல் பயிற்சி தொடங்கி நாலு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

விஷயம் இதுதான். அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்காக, டெக்சஸில் ஆலன் என்ற ஊரில் வேலை பார்க்கும் மகள் தென்றல் இரண்டு பிளைட் டிக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தாள். ரோமில் இறங்க வேண்டும், வெனிஸில் ஏற வேண்டும். நடுவில் இருக்கும் பதினொரு நாளும் அப்பா பாடு.

வெள்ளியங்கிரி சான் ஹோசேயில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ரிலீஸ் மேனேஜர். லிவர்மோரிலிருந்து இருட்டோடு கிளம்பி, மலையைத் தாண்டி, இருட்டியபின் வீட்டுக்கு வருகிறவர். சனிக்கிழமையானால் வீட்டிலேயே ஆபீஸ் நடக்கும். அப்படிப்பட்டவர் இத்தாலிக்காக ஒரு ஸ்பிரெட்ஷீட் போட்டார். டூர் பஸ் கிடையாது, டாக்சி கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் ஏறுகிற, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயிலில் போனால் பாதிச் செலவில் முடிந்துவிடும் என்று கண்டுபிடித்தார். ஆறு ஊர், பதினேழு ரயில். கடைசிக் கட்டத்துக்கு 'ரிஸ்க்' என்று தலைப்புக் கொடுத்து, அதன் கீழே பதினேழு வரிசையிலும் ஒரே வார்த்தையை டைப் செய்தார்: மரகதம்.

தென்றல் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டாள். "அப்பா! மாம் இஸ் நாட் எ ரிஸ்க்!"

"உங்கம்மா இருபத்தாறு வருஷமா என்ற கார்ல முன் சீட்ல உக்காந்து வந்தவ கண்ணு. ஃப்ரீவேல ஒரு நாள் ஓட்டினதில்ல. பாஷை தெரியாத ஊர்ல பதினேழு ரயில் மாறணும்."

"யூ டோன்ட் டேக் ட்ரெயின்ஸ் ஐதர்."

"அதுக்குத்தான் டெஸ்டிங் பண்றோம்."

அந்த வாரமே ஆபீசில் அறிவித்துவிட்டார்: பயிற்சி முடிகிற வரைக்கும் சனிக்கிழமைகளில் தன்னைக் கூப்பிடக் கூடாது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை என்பதால், அவருடைய மேனேஜர் உடம்புக்கு ஏதாவதா என்று தனியாக விசாரித்தார்.

இப்போது அந்தப் பயிற்சியில்தான் மனைவி ரயிலோடு போய்விட்டாள்.

இதற்கென்று அவரிடம் விதி இருந்தது. அச்சடித்து ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தார். பிரிந்துவிட்டால், ரயிலில் இருப்பவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். பிளாட்பாரத்தில் இருப்பவர் அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். போன் கிடையாது. இத்தாலியில் போன் செத்துப்போனால் என்ன செய்வது? இரண்டு போனும் காரில் இருந்தன.

அவர் அடுத்த ரயிலில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போனார். மரகதம் இல்லை. பதறிப்போய் டப்ளினுக்கே திரும்பினார். அங்கேயும் இல்லை. மறுபடி கிளம்பினார். பாதி வழியில் எதிர்ப்பக்கம் ஒரு ரயில் மெதுவாகக் கடந்தது. அதன் ஜன்னலில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். இப்போதும் கையசைத்தாள்.

இருவரும் ஒரே பிளாட்பாரத்தில் கால் வைத்தபோது மணி ஒன்றேகால்.

"அங்கயே நில்லுன்னுதானே எழுதியிருக்குது?" என்றார்.

"நீங்க பயந்துக்குவீங்கன்னு திரும்பி வந்துட்டேனுங்க."

அதற்கு அவருடைய ஸ்பிரெட்ஷீட்டில் கட்டம் இல்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டார்கள். பக்கத்துக் கடையில் அவர் இரண்டு காபி வாங்கி, மூன்று சர்க்கரைப் பொட்டலத்தை அவள் கப்பில் கொட்டப் போனார். மரகதம் கப்பைக் கையால் மூடினாள்.

"நான் சர்க்கரை போடறதில்லீங்க."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமாச்சுங்க."

வெள்ளியங்கிரி அந்த மூன்று பொட்டலத்தையும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமைக்குள் விதிகள் மூன்றிலிருந்து ஒன்பதாயின. அதில் ஒன்று, மரகதம் கழுத்தில் ஒரு அட்டை தொங்கவிட வேண்டும் என்பது. பெயர், வீட்டு விலாசம், எங்கே இறங்க வேண்டும் என்ற விவரம் எல்லாம் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது.

"எதுக்குங்க இது?"

"நீ தொலைஞ்சுபோனா நாலு பேரு ஹெல்ப் பண்ணுவாங்கல்ல?"

நாலு பேர் உதவி செய்தார்கள். அதுதான் பிரச்சினை. அன்றைக்கு அவள் தனியாக ஏறி வர வேண்டிய பாடம்; ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிட்டாள். பிளாட்பாரத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாள் கழுத்து அட்டையைப் படித்து, ஞாபகம் தப்பிப்போன யாரோ வழிதவறி வந்துவிட்டதாக முடிவு செய்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்து, சாக்லேட் பால் வாங்கிக் கொடுத்து, ஸ்டேஷன் ஆட்களைக் கூட்டிவிட்டாள். வெள்ளியங்கிரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, சீருடை போட்ட ஒருவர் அவரைத் தனியாக அழைத்துப் போனார்.

"சார், இந்த நிலைமையில இருக்கிறவங்களை இப்படித் தனியா அனுப்பலாமா?"

"ஷி இஸ் நார்மல், ஆபீசர். வி ஆர் கோயிங் டு இட்லி" என்றார். அவசரத்தில் நாக்கு அப்படிப் புரண்டுவிட்டது.

ஆபீசர் இப்போது அவரையும் கவலையோடு பார்த்தார்.

வீடு திரும்பும்போது காரில் மரகதத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இட்லிக்குப் போறீங்களா? சட்னியோடவா?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார் வெள்ளியங்கிரி. இறங்க வேண்டிய எக்சிட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

தவறு சுமை இல்லாததில்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. பெட்டி இருந்தால் ஆட்கள் கவனமாக இருப்பார்கள், அவ்வளவு லேசாக ஏறி இறங்க மாட்டார்கள். ஆகவே மூன்றாவது சனிக்கிழமை ஆளுக்கொரு முதுகுப்பை. பைக்குள் துணிமணிக்குப் பதிலாக இருபது பவுண்டு இட்லி அரிசி. லிவர்மோரிலிருந்தே பஸ்ஸில் போய்ப் பழகலாம் என்று பஸ் ஏறினார்கள். ஏறும்போது அவருடைய பை கதவுக் கம்பியில் மாட்டியது. உள்ளிருந்த அரிசிப் பாக்கெட் கிழிந்தது. அவர் நடக்க நடக்க, பஸ் முழுக்க கல்யாண அட்சதை போல அரிசி விழுந்தது. டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். மரகதம் முட்டி போட்டு அரிசியைக் கையால் கூட்டினாள். இரண்டு பயணிகள் சேர்ந்து கூட்டினார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடப்பட்ட வெள்ளியங்கிரியின் பின்னால் ஒரு பார்க்கிங் லாட் தூரத்துக்குப் புறாக்கள் நடந்து வந்தன.

நாலாவது சனிக்கிழமை இரண்டு ரயில் மாற வேண்டிய பாடம். மரகதம் இரண்டிலும் எதிர்த் திசை ரயிலில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நண்பர் சேனாபதியைப் பார்த்தார். சேனாபதி ஒரு டூர் கம்பெனியின் நோட்டீசைக் கையில் திணித்தார். நாற்பத்தைந்து பேர், ஒரே பஸ், சீட்டுக்கு நம்பர், மத்தியானம் தயிர் சாதம். "எதுக்குய்யா ரயிலும் மண்ணும்? பஸ்ல ஏறி உக்காந்தா வெனிஸ்ல எறக்கி விட்டுருவான்."

வீட்டுக்கு வந்து நோட்டீசைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"இதுலயே போயிடலாம் மரகதம். உனக்கு ரயில் ஒத்துவரல. நானும் எத்தனை வாரந்தான் ஆபீசை விட்டுப்போட்டு அலையறது?"

மரகதம் நோட்டீசை எடுத்துப் பார்த்தாள். படிக்கவில்லை, சும்மா பார்த்தாள். முகத்திலிருந்த வெளிச்சம் மெல்லக் குறைந்ததை அவர் கண்டார். அது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. மனசு மட்டும் சங்கடப்பட்டது.

"இன்னும் ஒரு ரெண்டு மூணு சனிக்கிழமை பாக்கலாமுங்க. நான் கத்துக்குவேன்."

"கத்துக்குவியா?"

"மெதுவாத்தான் வருமுங்க. ஆனா கத்துக்குவேன்."

முப்பது வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது குறைவு. நோட்டீசை மடித்துக் குப்பையில் போட்டார்.

ஐந்தாவது சனிக்கிழமை, ஓக்லண்டில் ரயில் மாறும் ஸ்டேஷன். இரண்டு தளம், ஏகப்பட்ட படிக்கட்டு, ஜனக்கூட்டம். "என்ற பின்னாலயே வா. சட்டையைப் பாத்துக்கிட்டே வா" என்று சொல்லிவிட்டு எஸ்கலேட்டரில் ஏறினார். மேலே போய்த் திரும்பினார். பின்னால் சைக்கிளோடு ஒரு இளைஞன் நின்றான்.

இந்தத் தடவை வெள்ளியங்கிரி ஓடவில்லை. ஒன்பது விதியில் ஒன்றின்படி நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு ரயில் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கால் மணி நேரம் ஆனது, அரை மணி ஆனது. நின்று பார்த்தால்தான் காத்திருப்பது எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு "இதோ கெளம்பிட்டேன்" என்று சொல்லி எட்டரைக்கு வீடு சேர்கிற ஆள் அவர். அந்த இரண்டரை மணி நேரம் வீட்டுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தார்.

ரிஸ்க் என்ற கட்டத்தில் தப்பான பெயரை எழுதிவிட்டோமோ என்று தோன்றியது. இவள் கத்துக்கொள்ளாவிட்டால் என்ன? இன்னும் பத்து சனிக்கிழமை வரலாம். இத்தாலியில் பதினேழு ரயிலில் பத்தைத் தவறவிட்டால்தான் என்ன? கையை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். தவறினாலும் ரெண்டு பேருமாகத் தவறலாம்.

அப்போது கீழ்த் தளத்திலிருந்து தமிழ்ச் சத்தம் கேட்டது. எஸ்கலேட்டரில் வரிசையாகப் பெரியவர்கள் ஏறி வந்தார்கள். புடவைக்குக் கீழே ஸ்னீக்கர்ஸ், தோளில் தண்ணீர் பாட்டில். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாக்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. மேலே வந்தவுடன் யாரும் சொல்லாமலே சுவரோரம் நின்று, ஒண்ணு, ரெண்டு என்று தலை எண்ணிக்கொண்டார்கள். பதினொன்றோடு எண்ணிக்கை முடிந்தது.

வெள்ளியங்கிரி முன்னால் நின்ற அம்மாளிடம் போனார். "ஏங்க, கீழ ஒரு லேடியைப் பாத்தீங்களா? பச்சை குர்தா போட்டிருப்பாங்க. மரகதம்னு பேரு. அவங்களுக்கு ரயிலெல்லாம் பழக்கமில்லீங்க, தொலைஞ்சுபோயிட்டாங்க."

"எந்த மரகதம்?" என்றார் அந்த அம்மாள். "லிவர்மோர் மரகதமா?"

"ஆமாங்க! உங்களுக்குத் தெரியுங்களா?"

அந்த அம்மாள் திரும்பி, "கேட்டேளா? மரகதம் தொலைஞ்சுட்டாங்களாம்!" என்றார். பதினொரு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். ஒரு தாத்தாவுக்கு இருமலே வந்துவிட்டது.

"என் பேர் ராஜலக்ஷ்மி. சார், இந்த ஊர் பஸ்ஸு, ரயிலு, ஃபெர்ரி எல்லாம் எங்களுக்குக் கத்துக்கொடுத்ததே அவங்கதான். மூணு வருஷமா புதன்கிழமைன்னா அவங்க முன்னால போவாங்க, நாங்க பின்னால போவோம். போன மாசம் நாலு வண்டி மாறி சாக்ரமென்டோ போயிட்டு வந்தோம். ஒரு நிமிஷம் லேட் இல்ல! இன்னிக்குத்தான் முதல் தடவையா அவங்க இல்லாம நாங்களா கெளம்பி வந்தோம்."

வெள்ளியங்கிரிக்குப் பிளாட்பாரம் லேசாக நகர்ந்த மாதிரி இருந்தது. தூரத்தில் அடுத்த ரயிலின் விளக்கு தெரிந்தது.

"அப்புறம் ஏனுங்க… என்கூட வந்தா மட்டும் அவளுக்கு ஒரு ரயிலும் சரியா வரமாட்டேங்குது?"

ராஜலக்ஷ்மி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஓ, அந்த ஹஸ்பெண்ட் நீங்கதானா? 'சனிக்கிழமை மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க, அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் எனக்கு ரயில் ஏறக் கத்துக்கொடுக்கறாரு. சீக்கிரம் கத்துக்கிட்டேன்னா மறுபடி ஆபீஸ் வேலையில உக்காந்துக்குவாரு'ன்னு சொன்னாங்களே, சார்!"