இருவாச்சி ஜோடி சண்டை பழகிய கதை

ஒரு காட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், தாலி கட்டிய கையோடு புது ஜோடியை ஓர் இலவ மரத்தடிக்குக் கூட்டிப்போவார்கள். மேலே பொந்தில் குடியிருக்கும் இருவாச்சிப் பறவைத் தம்பதியைக் காட்டி, குடும்பம் நடத்தினால் அப்படி நடத்த வேண்டும் என்பார்கள். அணில்கள் விழுந்தே கும்பிடும்.

மனைவி பவளமூக்கிக்கு அந்தக் கும்பிடு அலுத்துவிட்டது. குஞ்சு பொரிக்கும் காலம் வந்தால், பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்வது இருவாச்சிப் பெண்களின் குலவழக்கம். ஒரு சின்னச் சந்து மட்டும் இருக்கும். அதன் வழியாகப் புருஷன் ஊட்டுவதுதான் சாப்பாடு. மாதக்கணக்கில் வானமே கிடையாது. இந்த வருஷம் வாசல் பூசுவதற்குள் பிரிந்துவிட வேண்டும் என்று அவள் சொன்னாள். பழம் சுமந்து சுமந்து கழுத்து நொந்துபோயிருந்த அவள் புருஷன் விரிசிறகனும் சரி என்றான். பொந்து அவனுக்கு, ஆற்றங்கரை நாவல் மரம் அவளுக்கு. ஒரு பழம் தின்னும் நேரத்தில் பேச்சு முடிந்தது.

சிங்கத்தின் நீதிமன்றமோ, முதலில் சமரச மையத்துக்குப் போகச் சொன்னது. மையத்தில் இருந்தவர் பொறுமைநாதர் என்கிற ஆமை. தனித்தனியாக விசாரிப்பதுதான் முறை என்று, பாறைக்கு இந்தப் பக்கம் அவளையும் அந்தப் பக்கம் அவனையும் உட்காரவைத்தார். நடந்துபோய்க் கேட்டுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே பதில். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"சண்டையே இல்லையேம்மா, நான் எதைச் சமரசம் பண்றது? இவ்வளவு ஒத்துப்போறவங்களைப் பிரிச்சா பாவம் என்னைத்தான் சேரும். சேர்ந்தே இருங்க."

வாசல் பூசும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சண்டை போடப் பழகலாம் என்று பவளமூக்கி புருஷனை நாவல் மரத்துக்கு இழுத்துப்போனாள்.

சாயங்காலம் தோறும் ஒத்திகை. அந்த அசட்டு மனுஷனுக்கு வசவே வரவில்லை. தன் அம்மாவை இன்னும் கொஞ்சம் உறைக்கிற மாதிரித் திட்டச் சொல்லி, அவளே எடுத்துக் கொடுத்தாள். கிளை ஆடும்படி இருவரும் சிரித்தார்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சிரித்ததில்லை. இவனோடேயே இருந்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதே அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

அடுத்த அமர்வில் சண்டை ஜோராக நடந்தது. பாதியில் விரிசிறகன் பாடத்தை விட்டு விலகிவிட்டான்.

"வெயில்ல பறந்து பறந்து ஊட்டினேனே, ஒருநாளாவது நல்லா இருக்குன்னு சொன்னியா?"

"எனக்கு அத்திப்பழமே பிடிக்காதுங்க. என்ன வேணும்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

இது ஒத்திகையில் இல்லாதது. பவளமூக்கிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆமைக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மனம் விட்டுப் பேசியாகிவிட்டது, இனிச் சேர்ந்து வாழ என்ன தடை என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளப் பார்த்தார். எட்டவில்லை.

அவள் அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"பிரிச்சு விட்டுடுங்க ஐயா" என்றார்கள் இருவரும், ஒரே குரலில். இத்தனை நாள் ஒத்திகை வீண்போகவில்லை. ஆமையும் வேறு வழியில்லாமல் பிரிவு ஒப்பந்தத்தில் நகம் பதித்தார்.

அந்தப் பருவத்தில் ஒருநாள் விரிசிறகன் தன் பொந்தில் ஓய்வாகச் சாய்ந்திருந்தான். வாசலில் பவளமூக்கி வந்து உட்கார்ந்தாள். மலை உச்சி வரை பறந்துவிட்டு வரப்போவதாகச் சொன்னாள்.

"வர்ற வழியில உங்களுக்கு என்ன பழம் கொண்டுவரட்டும்?"

அவனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மரத்தடியில் அன்று கல்யாணமான அணில் ஜோடி, அவர்களைப் பார்த்து விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது.

நீதி: ஒற்றுமை இருந்தால் ஆகாத காரியமில்லை, புருஷனும் பெண்டாட்டியும் மனமொத்துப் பாடுபட்டால் விவாகரத்தே வாங்கிவிடலாம்.