குரல் போன வழி

தான் பேசுவது எந்த வழியாகப் போகிறது என்று நாள் முழுக்க விளக்கும் ஓர் இனம் உண்டு. என்ன பேசப் போகிறாய் என்று கேளுங்கள், விழிக்கும். ரெட்டியார்பாளையம் வெற்றிவேல் அந்த இனம். வீட்டிலிருந்தே வானொலி அலையில் மற்றவர்களோடு பேச உரிமம் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர்.

மைக்கில் பேசினால் குரல் எண்களாகிக் கணினிக்குள் போகும், அங்கே மென்பொருள் இரைச்சலை வடிகட்டி, அலையில் ஏற்றக் கணக்குப் போட்டு, மறுபடி மின்சாரமாக்கி, பெருக்கி, மாடி ஆன்டெனாவுக்கு அனுப்பும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சிலிண்டர் போட வந்தவர் அடுத்த தெருவில் இருப்பார். வழியை மென்பொருளிலேயே மாற்றலாமாம். தினமும் மாற்றினார். பேசியதெல்லாம் ஒன்றுதான்: என் குரல் எப்படி இருக்கிறது?

ஒரு ஞாயிறு, புது மைக் வந்தது. பெரிய மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நண்பர் உசேனும் ஹாம்தான். அவரை ரேடியோவில் அழைத்துக் குரலைப் பற்றிக் கேட்டார். கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றார் உசேன்.

வெற்றிவேலுக்குச் சுருக்கென்றது. மைக்கை அணைத்துவிட்டு மனைவி கார்குழலியிடம் கொட்டினார். உசேனுக்குக் காது மந்தம், தான் சொல்லிக் கொடுத்துத்தான் ஹாம் பரீட்சையே பாஸ் செய்தான், அவன் மகள் அஸ்ஃபியா கல்யாணத்துக்குத் தலையைக் காட்டினால் போதும்.

"என்னாங்க, அங்க செவப்பா எரியுதே" என்றாள் கார்குழலி, திரையைப் பார்த்து.

எரியாமல்? ஒலிபரப்பு நடக்கிறது என்று காட்டும் விளக்கு அது. மென்பொருளில் வழி புது மைக்கிலிருந்து தொடங்கவில்லை. மடிக்கணினியின் சொந்த மைக்கிலிருந்து தொடங்கியது. பேச்சு கேட்டால் தானாகவே ஒலிபரப்பும் வசதியையும் போட்டு வைத்திருந்தார். அவர் வாயை மூடியதும் ஸ்பீக்கரில் உசேன் வந்தார்.

"வெற்றி, எல்லாம் கேட்டுது."

கார்குழலி கணவரை ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பினாள், நேரில் மன்னிப்புக் கேட்க. கதவைத் திறந்த உசேனின் முகத்தைப் பார்த்ததும் வெற்றிவேல் விளக்க ஆரம்பித்தார் பாருங்கள், எந்த மைக், எந்த அமைப்பு, வழி எங்கே பிசகியது என்று ஒன்று விடாமல்.

உசேன் பொறுமையாகக் கேட்டார்.

"வழி புரிஞ்சிது வெற்றி. நீ சொன்னது நெசமா?"

வெற்றிவேல் மறுபடி மைக்கிலிருந்தே ஆரம்பித்தார். டீ வந்தது. குடித்தார். கல்யாணப் பேச்சை உசேன் எடுக்கவே இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மச்சினரைப் பற்றி எழுதியதை அவர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டுவிட்டு, "ஸாரி, குரூப் மாறிப் போச்சு" என்று எந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேட்டீர்கள்?