சுவருக்கு வைரஸ் வராது

காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஒரு பென் டிரைவைப் பதினான்கு நாள் அரிசி டின்னுக்குள் தனிமைப்படுத்தி, பதினைந்தாம் நாள் வெயிலில் காட்டி, அதற்குப் பிறகே கம்ப்யூட்டரில் செருகவிட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சார்ட்டர் அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருடைய ரேஷன் கார்டில் இருந்திருக்கும். பூதலூர் பக்கம் நான் வேலை பார்த்த அரிசி ஆலையில் அதை யாரும் கேட்டதில்லை. அவர் ஓட்டிய இயந்திரத்தின் பெயரே அவருக்கும் பெயர். கலர் சார்ட்டர் என்பது மினி பஸ் உயரத்துக்கு நிற்கும் ஒரு பெட்டி. மேலிருந்து அரிசி கொட்டும். கொட்டுகிற வேகத்திலேயே உள்ளிருக்கும் கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கருத்த மணியோ கல்லோ வந்தால் சின்னக் குழாயிலிருந்து 'டப்' என்று காற்று பாய்ந்து அதை மட்டும் ஓரமாக ஊதித் தள்ளிவிடும்.

பன்னிரண்டு வருஷம் அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியதில் அதன் குணம் அண்ணனுக்கும் ஒட்டிக்கொண்டது. பிடிக்காத எதைக் கண்டாலும் உதட்டைக் குவித்து 'ஃபூ' என்று ஊதுவார். உப்புமாவில் கடுகு வந்தால் ஃபூ. நோட்டீஸ் கொடுக்க வந்த கட்சிக்காரருக்கு ஃபூ. குடவாசலில் பெண் பார்க்கப் போன இடத்தில், கேசரியில் கருகிக் கிடந்த திராட்சையை எல்லார் முன்னாலும் ஊதினாராம். "என்னைய மட்டும் ஊதல. அதான் கட்டிக்கிட்டேன்" என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அந்த ஆலைக்கு வந்தது பி.சி.ஏ. முடித்த கையோடு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் யாருடைய வயலிலோ நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்து என்னைப் படிக்க வைத்தார்கள். ஆலை ஆபீஸில் சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்தபோது ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். அன்றைக்கு 'வணக்கம்' சொன்னவர்களுக்கெல்லாம் 'நான் பி.சி.ஏ.' என்றுதான் பதில் சொன்னேன் போலிருக்கிறது. சாயங்காலத்துக்குள் அண்ணன் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"ஏ பி.சி.ஏ., இங்க வா. இந்தப் படத்துல இருக்கிற மேடு எந்த ஊரு?"

அவர் காட்டியது சார்ட்டரின் பக்கத்தில் இருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை. நீல வானம், பச்சை மேடு, அந்தப் பழைய படம்.

"வெளிநாடுண்ணே."

"அதான் பாத்தேன். தண்ணி ஏறாத மேட்டுல இவ்வளவு பசும்புல்லு. ஒரு மாடு மேயல பாரு."

அந்தக் கம்ப்யூட்டர்தான் சார்ட்டருக்கு மூளை. கரண்ட் போனால் சார்ட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். எந்த ரகத்துக்கு எது நல்ல மணி, எது கெட்ட மணி என்று தினமும் கம்ப்யூட்டர்தான் அதற்குச் சொல்ல வேண்டும். ரகம் ஒவ்வொன்றுக்கும் இருபது முப்பது எண்கள். மாப்பிள்ளைச் சம்பா சிவப்பு அரிசி. அதற்குப் பொன்னியின் எண்களைக் கொடுத்தால் மூட்டை மொத்தத்தையும் ஊதித் தள்ளிவிடும். பன்னிரண்டு வருஷமாகக் கூட்டிக் குறைத்து அந்த எண்களைப் பதமாக்கி வைத்தவர் அண்ணன்.

அந்த எண்களையெல்லாம் சார்ட்டருக்குப் பின்னால் இருந்த சுவரிலும் எழுதி வைத்திருந்தார், மூட்டைக்கு மார்க் போடுகிற கருப்பு மையால். ஒரு ஆள் உயரத்துக்குப் பதினொரு ரகம். "கம்ப்யூட்டர்ல இருக்குறத எதுக்குண்ணே சுவத்துல எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

"சுவத்துக்கு வைரஸ் வராது."

"சுவத்த சர்ச் பண்ண முடியுமாண்ணே?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஃபூ.

அந்த வருஷம் சம்பா அறுவடை தொடங்கும் நேரத்தில் ஒரு பல்லி கம்ப்யூட்டருக்குள் புகுந்து, மின்சாரம் ஓடும் இடமாகப் பார்த்துப் படுத்தது. பல்லியும் போனது, கம்ப்யூட்டரும் போனது. சார்ட்டருக்கான மென்பொருள் புதிய கம்ப்யூட்டரில் ஏற மறுத்தது. இயந்திரம் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால், புது இயந்திரம் வாங்கச் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் முதலாளி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"புதுசெல்லாம் கட்டுபடியாகாது. அரிசிய வெளியில அனுப்பி கூலிக்கு சார்ட் பண்ணிக்கலாம். இத எடைக்குப் போட்ற வேண்டியதுதான்" என்றார். பிறகு அண்ணனைப் பார்க்காமல், "உனக்கும் வேற எங்கயாச்சும் சொல்லி வைக்கிறேன்யா" என்றார்.

அண்ணன் ஊதவில்லை. உதடு குவியவே இல்லை. நாற்பத்தாறு வயது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள், தெரிந்தது ஒரே ஒரு இயந்திரம். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"ஐயா, பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க. நான் ஓட வைக்கிறேன்."

"ஓட வைம்மா. பொங்கலுக்கு முன்னாடி ஒரு லோடு சீரகச் சம்பா போகணும். அது சுத்தமா போனா மிஷினும் இருக்கும், இவனும் இருப்பான்."

செத்த கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அப்படியே படியெடுத்து, ஆபீஸின் புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு விர்ச்சுவல் மிஷினாக ஏற்றினேன். திரையின் நடுவில் ஒரு ஜன்னல் திறந்தது. அதற்குள் அதே நீல வானம், அதே பச்சை மேடு. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"எப்படி பி.சி.ஏ.?"

"கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர்ண்ணே. உள்ள இருக்குறது பழசு. அதுக்குத் தான் இன்னொருத்தர் வயித்துல இருக்கோம்னே தெரியாது."

"செத்த மாட்டோட உசுர எடுத்து இந்த மாட்டு வயித்துக்குள்ள வச்சிட்டேங்கிற."

"அப்படியே வச்சுக்கங்க."

"சாணி யாரு போடுவா?"

அதற்கு பி.சி.ஏ. பாடத்திட்டத்தில் பதில் இல்லை. ஆனால் அவருடைய அடுத்த கேள்விக்கு இருந்தது. "உள் மாட்டுக்குப் பேதி வந்தா வெளி மாட்டுக்கும் வருமா?"

"வரவே வராது. நடுவுல சுவர் இருக்கு."

"வரப்புன்னா வாமடைன்னு ஒண்ணு இருக்குமே. இந்த வயலுத் தண்ணி அந்த வயலுக்குப் போக ஒரு வழி. அது எங்க இருக்கு?"

"இதுல வாமடையே கிடையாதுண்ணே" என்றேன், நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி.

கிடையாதா? இரண்டு இருந்தன. இரண்டையும் வெட்டியவள் நான்.

எண்கள் அடங்கிய கோப்புகளை எடுக்க வசதியாக, உள் கம்ப்யூட்டருக்கும் வெளிக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். அது முதல் வாமடை. சார்ட்டர் கேபிளுக்கு ஒரு பழைய டிரைவர் மென்பொருள் தேவைப்பட்டது. அதைத் தேடி எக்ஸ்பிக்குள்ளிருந்தே இணையத்துக்குப் போனேன். அது இரண்டாவது. எக்ஸ்பியைச் செய்தவர்களே அதற்கு மருந்து கொடுப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. புதிதாக வரும் எந்த வைரஸுக்கும் அது கதவில்லாத வீடு என்று எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். 'என்ன வந்தாலும் உள்ளேதானே, வெளியே வராது' என்ற தைரியத்தில், பெயர் தெரியாத ஒரு தளத்திலிருந்து டிரைவரை இறக்கினேன். வேலை முடிந்தும் இணையத்தை அடைக்க மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். வசதியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

சார்ட்டர் ஓடியது. 'டப் டப்' சத்தம் கேட்டு ஆலையே கைதட்டியது. அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் எதற்கு வீணாகக் கிடக்கிறது என்று அதைச் சுத்தமாக அழித்து, சிசிடிவி பதிவுக்குக் கொடுத்தேன். சீரகச் சம்பா வாங்குகிறவர் நேரில் பார்க்க வருகிறார் என்றதும், பின்சுவர் அசிங்கமாக இருக்கிறது, வெள்ளை அடித்துவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னதும் நான்தான். "எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குங்கய்யா."

சுண்ணாம்பு வாளி வந்தபோது அண்ணன் சுவரின் முன்னால் போய் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி ஊதினார். அது பலமான ஊதல்.

லோடு ஏற்ற வேண்டிய நாளுக்கு முதல் நாள் காலை, பச்சை மேடு இருந்த இடத்தில் சிவப்புத் திரை. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் இந்த டிஜிட்டல் காசில் இவ்வளவு அனுப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம். பதறிப்போய்ப் பொது ஃபோல்டரைத் திறந்தேன். வெளிக் கம்ப்யூட்டரில் இருந்த அந்தக் கோப்புகளும் பூட்டிக் கிடந்தன. வாமடை வழியாக வந்திருக்கிறது.

"என்னவாம்?" என்றார் அண்ணன்.

"காசு கேக்குறான்ணே. கண்ணுக்குத் தெரியாத காசு."

"கண்ணுக்குத் தெரியாத கம்ப்யூட்டர்ல பூந்தவன் கண்ணுக்குத் தெரியாத காசுதானே கேப்பான்?"

சிரிக்க முடியவில்லை. எக்ஸ்பி சிடியும் சார்ட்டர் சிடியும் அவருடைய அரிசி டின்னுக்குள் பத்திரமாக இருந்தன, மறுபடி ஏற்றிவிடலாம். ஆனால் சிடியில் எண்கள் இல்லை. பொன்னி ஒன்றுதான் அவருக்கு மனப்பாடம். நாளைக்குப் போக வேண்டியது சீரகச் சம்பா. பன்னிரண்டு வருஷத்து எண்கள் கம்ப்யூட்டரிலும் இல்லை, ஹார்ட் டிஸ்கிலும் இல்லை, சுவரிலும் இல்லை. மூன்றையும் அழித்த நான் அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

"வாமடை எங்க இருந்துச்சு?"

"நான்தாண்ணே வெட்டுனேன்."

அவர் ஊதுவார் என்று காத்திருந்தேன். அவரோ குடத்திலிருந்து ஒரு மக் தண்ணீரை மொண்டுபோய்ப் பின்சுவரில் விசிறி அடித்தார். நனைந்த சுண்ணாம்பு கண்ணாடிபோல் ஆனது. அதற்குள்ளிருந்து கருப்பாக, மங்கலாக, எண்கள் எழும்பி வந்தன. 'சீரகச் சம்பா' என்று தலைப்பு.

"அண்ணே!"

"ஒரு கோட்டுதான் அடிச்சான். ரெண்டாவது கோட்டுக்கு வந்தப்ப ஊதி அனுப்பிட்டேன். எழுது, எழுது, காய்ஞ்சா போயிடும்."

அவர் விசிற, நான் படிக்க, படித்ததை மூட்டைச் சீட்டுகளின் பின்பக்கம் எழுத, என் துப்பட்டாவெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர். ஏழாவது ரகத்தில் இருக்கும்போது முதலாளி உள்ளே வந்தார். நேற்று வெள்ளை அடித்த சுவர் சொட்டச் சொட்ட நிற்பதைப் பார்த்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

"பேக்கப் எடுக்கிறோங்க" என்றார் அண்ணன்.

"கம்ப்யூட்டர் என்னாச்சு? யாரு பண்ணது?"

"ஐயா, நான்தான்..." என்று தொடங்கினேன்.

"பல்லிங்க" என்றார் அண்ணன்.

"மறுபடியுமா?"

"அதே குடும்பங்க."

அன்று பகல் முழுக்க உட்கார்ந்து விர்ச்சுவல் மிஷினைப் புதிதாகக் கட்டினேன். இந்த முறை இணையம் கிடையாது, பொது ஃபோல்டர் கிடையாது. எண்கள் எல்லாவற்றையும் கையால் தட்டினேன். முடிந்ததும் ஸ்னாப்ஷாட் எடுத்தேன். "அது என்ன?" என்றார். இன்றைக்கு இருக்கிற நிலையை அப்படியே பிடித்து வைப்பது, நாளைக்கு எது கெட்டாலும் இதற்குத் திரும்பிவிடலாம் என்றேன். "ஓ, சுவரு" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் சரக்கு வாங்க வந்தவர் சீரகச் சம்பாவை ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, விரலால் கிளறிப் பார்த்தார். கருப்பு ஒன்றுகூட இல்லை. லோடு கிளம்பியது. இயந்திரத்தை எடைக்குப் போடும் பேச்சை முதலாளி அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, மனசு கேட்காமல், அவரிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும்மா. அந்தச் சிவப்பு ஸ்கிரீன நானும் பாத்தேன். பல்லிக்கு ஏது இங்கிலீஷ்?" என்றார்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் எங்கெல்லாம் வாமடை திறந்து கிடக்கிறது என்று தேடுகிற வேலை. 'விர்ச்சுவல் மிஷின்தானே, தனியாத்தான் இருக்கு' என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் என் உதடு தானாகக் குவிகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஆலைக்குப் போனேன். பின்சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"எண்ணெல்லாம் எங்கண்ணே?"

"உள்ளதான் இருக்கு. வருஷா வருஷம் பழச சுரண்டிட்டு, புதுசா எழுதி, மேல ஒரு கோட்டு அடிச்சிருவேன். வர்றவன் போறவனுக்குத் தெரியாதுல்ல? தண்ணிதான் பாஸ்வேர்டு" என்று சொல்லிவிட்டு மூட்டை பார்க்கப் போய்விட்டார்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு மக் தண்ணீரை விசிறினேன். பொன்னி வந்தது, சீரகச் சம்பா வந்தது, மாப்பிள்ளைச் சம்பா வந்தது. பதினொரு ரகத்துக்கும் கீழே பன்னிரண்டாவதாக ஒரு வரி இருந்தது. நான் முன்பு பார்க்காத வரி. அதற்கு நேரே எண்கள் இல்லை.

'பி.சி.ஏ. – ஊத வேண்டாம்.'

சுவர் காய்வதற்குள் இரண்டு முறை படித்துவிட்டேன். மூன்றாவது முறைக்கு இன்னொரு மக் தண்ணீர் வேண்டியிருந்தது.